நம்ம ஊர் களத்தில் ஓர் ஆல்-ஸ்டார் கூடைப்பந்து ஆட்டம்: முதல்முறை நடத்துவோருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாங்கள் முதலில் நடத்திய ஆல்-ஸ்டார் ஆட்டத்தில், அதாவது பல அணிகளின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஆடும் காட்சி ஆட்டத்தில், கடைசி மூன்று நிமிடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஓர் அணி 14 புள்ளி முன்னிலை. அவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்த, மற்றவர்கள் கடிகாரத்தை நிறுத்துவதற்காகவே ஃபவுல் செய்ய, இரண்டு ஃபிரீ த்ரோக்கள் (ஃபவுலுக்காகத் தடுப்பாரின்றி எறிய விடும் வாய்ப்பு) தவறுவதற்குள் பாதிக் கூட்டம் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. மாவட்டத்தின் நல்ல ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் களத்தில் இருக்கும்போது அப்படி நடந்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த முறை என்ன மாற்றினோம் என்பதை முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் நாள், பிறகு களம்

ஜனவரி, பிப்ரவரி எடுங்கள். ஜூன் தொடங்கிவிட்டால் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் காற்று, தூரத்திலிருந்து எறியும் பந்தை ஒரு முழம் தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஆல்-ஸ்டார் ஆட்டமும் பிப்ரவரியில்தான் நடக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு அதைப் பார்த்த சூடும் இருக்கும்.

களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர். இதை டேப் பிடித்து அளந்தே ஆகவேண்டும். பழைய களங்களில் ஒரு முனையில் மட்டும் மேல் சிமெண்ட் போட்டிருப்பார்கள். நாங்கள் அளந்த ஓரிடத்தில் இரண்டு வளையத்துக்கும் நாலு விரல் வித்தியாசம். தாழ்ந்த பக்கம் எறிகிற அணிக்குக் காலம் முழுக்க லாபம், யாருக்கும் காரணம் தெரியாது. சரிசெய்ய முடியாவிட்டால் பாதி ஆட்டத்தில் கட்டாயம் பக்கம் மாற்றுங்கள். ஆண்களுக்கு 7-ஆம் நம்பர் பந்து, பெண்களுக்கு 6-ஆம் நம்பர்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

சண்டை வருகிற இடம் இதுதான். 1951 மார்ச் 2-ஆம் தேதி பாஸ்டனில் முதல் என்.பி.ஏ. ஆல்-ஸ்டார் ஆட்டம் நடந்தது. லீக்கின் கிழக்குப் பகுதி நட்சத்திரங்கள் 111, மேற்குப் பகுதி நட்சத்திரங்கள் 94. கல்லூரி கூடைப்பந்தில் சூதாட்ட ஊழல் வெளிவந்து ஆட்டத்தின் மேலேயே ஜனங்களுக்கு வெறுப்பு வந்திருந்த நேரம் அது. நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவரத்தான் அந்த ஏற்பாடு. அதனால் தேர்வில் சந்தேகம் வந்தால் இந்த ஆட்டத்துக்கு அர்த்தமே இல்லை.

2017-லிருந்து அங்கே தொடக்க ஐவரைத் தேர்ந்தெடுக்க ஒரு கணக்கு வைத்தார்கள். ரசிகர் ஓட்டுக்குப் பாதி மதிப்பு, ஆட்டக்காரர்களுக்குக் கால், பத்திரிகைக்காரர்களுக்குக் கால். நாம் பத்திரிகைக்காரர் இடத்தில் பி.டி. வாத்தியார்களை வைத்துக்கொள்ளலாம். கணக்கு இப்படி: மக்கள் ஓட்டில் வந்த இடத்தை இரண்டால் பெருக்கி, மற்ற இரண்டு இடங்களைக் கூட்டி, நான்கால் வகுக்க வேண்டும். எண் குறைந்தவர் முன்னால்.

ஒரு பையன் மக்கள் ஓட்டில் 1-வது, ஆட்டக்காரர் ஓட்டில் 3-வது, வாத்தியார் ஓட்டில் 4-வது என்று வைப்போம். 2, 3, 4 சேர்த்து 9. நான்கால் வகுத்தால் 2.25. இன்னொருவன் 2, 1, 1. நாலும் ஒன்றும் ஒன்றும் ஆறு, 1.5. இரண்டாமவன்தான் உள்ளே. சொந்தக்காரர் கூட்டம் பெரிசாக இருப்பதால் மட்டும் ஒருவன் வந்துவிட முடியாது. இரண்டு பேரும் சமமானால் மக்கள் ஓட்டில் முந்தியவர். வாட்ஸப்பில் ஓட்டு வாங்காதீர்கள், ஒரே ஆள் நாலு நம்பரில் போடுவார். ஏதாவது போட்டியின் இறுதி நாளில் வாசலில் பெட்டி வைத்து, ஆளுக்கு ஒரு சீட்டு. மிச்சம் ஏழு பேரைப் பயிற்சியாளர்கள் சேர்க்கட்டும். அணிக்கு 12 பேர்.

அணி பிரிப்பு நமக்கு வெகு சுலபம். அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் கிழக்கு. கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர் மேற்கு. கிழக்கே இருக்கும் நாஞ்சில்நாட்டுக்காரர்களுக்கும் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கும் உள்ள பழைய போட்டியே கூட்டம் சேர்த்துவிடும். அறிமுகத்துக்கு மாலை தோவாளைப் பூச்சந்தையிலிருந்துதான் வர வேண்டும், அதில் நான் பிடிவாதம்.

கடிகாரத்தை நிறுத்துங்கள்

காட்சி ஆட்டத்துக்கு இருக்கும் நோய், யாரும் தடுத்து ஆடமாட்டார்கள். 2024-இல் இண்டியானபோலிசில் கிழக்கு 211, மேற்கு 186. எண்ணைக் கேட்டால் பிரமாதம், பார்த்தால் சலிப்பு. அடுத்த ஆண்டே முறையை மாற்றி, நாலு அணிகள், 40 புள்ளியை முதலில் தொடுபவர் வெற்றி என்று சின்ன ஆட்டங்களாக்கினார்கள்.

எனக்குப் பிடித்தது 2020 சிகாகோ ஆட்டம். நிக் ஈலம் என்ற பேராசிரியரின் யோசனையை எடுத்து, நாலு பகுதிகளில் கடைசிப் பகுதியில் ஆட்ட நேரக் கடிகாரமே இல்லாமல் ஆடினார்கள். மூன்று பகுதி முடிவில் முன்னிலை அணியின் புள்ளி 133. அதோடு 24 சேர்த்து இலக்கு 157. அந்த 24, அதற்கு முந்தின மாதம் இறந்துபோன நட்சத்திர ஆட்டக்காரர் கோபி பிரையன்ட்டின் சட்டை எண். 157-ஐத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நட்சத்திரங்கள் தரையில் விழுந்து பந்தைப் பிடித்தார்கள். 157க்கு 155, ஆன்டனி டேவிஸ் இரண்டு ஃபிரீ த்ரோவில் முதலாவதைத் தவறவிட்டு இரண்டாவதைப் போட்டு முடித்தார்.

நம் ஆட்டத்துக்கு 24 அதிகம். பகுதிக்குப் பத்து நிமிடம்தான் நமக்கு. நான் செய்வது: மூன்று பகுதி முடிவில் முன்னிலை அணியின் புள்ளியை மூன்றால் வகுத்து, அதையே கூட்டிவிடுவது. கிழக்கு 52, மேற்கு 47 என்றால், 52-ஐ மூன்றால் வகுக்க, பின்னத்தை விட்டுவிட்டால் 17 வரும். இலக்கு 69. கிழக்குக்கு 17 வேண்டும், மேற்குக்கு 22. பின்தங்கியவனும் கடைசி வரை பிழைத்திருக்கலாம், முன்னால் இருப்பவன் நேரம் கடத்தி ஒன்றும் சாதிக்க முடியாது.

விசில் ஊதுபவரிடமும் இரண்டு கேப்டன்களிடமும் இதை முன்கூட்டியே வாயால் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ஃபிரீ த்ரோவிலும் ஆட்டம் முடியலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிறகு தகராறு வராது. பந்து கையில் இருக்கும் அணி வளையத்துக்கு எறிந்தாக வேண்டிய 24 விநாடி கடிகாரம் மட்டும் ஓடட்டும்.

இலக்கை எழுதுவதற்கு ஒரு கரும்பலகை. நாங்கள் சாக்பீசில் 69 என்று ஆள் உயரத்துக்கு எழுதி, ஒரு சின்னப் பையனைப் பலகையைத் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றச் சொன்னோம். 66க்கு 67 ஆனபோது அவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான், கையெல்லாம் வெள்ளைப் பொடி. சுக்குக் காப்பி விற்றவர் அடுப்பை விட்டுவிட்டுக் கோட்டருகே வந்து நின்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். கடிகாரம் இல்லாததால் கடைசிப் பகுதி பத்து நிமிடத்திலும் முடியும், இருபத்தைந்தும் ஆகும். குலசேகரம், கருங்கல் பக்கம் போகிறவர்களின் பஸ் நேரத்தை முதலில் விசாரித்துவிட்டு, மாலை நாலரைக்கே டிப்-ஆஃப் (ஆட்டத் தொடக்கம்) வைத்துவிடுங்கள்.