கடிக்கிற நாய்க்கு ஒரு காரணம் இருக்கும்: எங்கே தேடுவது?

எங்கள் வீட்டு நாய் மணி, ஒன்பது வருடமாக யாரையும் கடித்ததில்லை. போன மாரி முடிந்த கையோடு ஒரு நாள், அண்ணாவின் மகன் வழக்கம்போலத் தலையைத் தடவப் போக, திரும்பி அவன் கையில் பல்லைப் பதித்துவிட்டது. வீட்டில் உடனே ரேபிஸ் என்று தீர்ப்பு சொல்லியாயிற்று: "இதுக்கு விசர் பிடிச்சிட்டுது, கொண்டுபோய்க் காட்டுக்கரையில விட்டிட்டு வா."

பொடியனின் கையைக் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மணிக்கு வருடாவருடம் விசர்த் தடுப்பூசி போட்டிருந்தது, சாப்பாடும் குறையவில்லை. அதனால் நாயைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் வாயைத் துணியால் கட்டிவிட்டு இடது காதைத் தூக்கினார். புளித்த வாடை. உள்ளே கறுப்பாக ஊத்தை, மடிப்புக்குள் ஆமணக்கங்கொட்டை போல உப்பிய நாலு உண்ணி. பொடியன் தடவியது அந்தக் காதைத்தான்.

அதனால் நான் சொல்வது இதுதான்: சாந்தமான நாய் திடீரென்று கடித்தால் முதலில் நோவைச் சந்தேகப்படுங்கள். வட இலங்கையில் எங்கள் வன்னியில் நாய்க்கு நோ வர வழியா இல்லை? பாதத்தில் சூரை முள், பன்றியோடு மல்லுக்கட்டி வந்த காயம், எலும்பு கடித்து உடைந்த பல், உண்ணிக் காய்ச்சல், வயதான நாய்க்கு இடுப்பு மூட்டு. கண்ணும் காதும் மங்கிய கிழட்டு நாயைத் தூக்கத்தில் தொட்டாலும் திடுக்கிட்டுக் கடிக்கும். எந்த இடத்தைத் தொட்டால் சினக்கிறது, எழும்பும்போது முனகுகிறதா, ஒரு பக்கமாகவே சாப்பிடுகிறதா என்று இரண்டு மூன்று நாள் தள்ளி நின்று பாருங்கள். நீங்களே பிடித்து அமுக்கிப் பார்க்க வேண்டாம், அது வைத்தியரின் வேலை.

நோ இல்லையென்றால் அடுத்தது பயம். கடிக்கிற நாயைப் பார்த்து இது பயந்த நாய் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் கனக்க நாய்கள் பயத்தில்தான் கடிக்கின்றன. குட்டிக்கு மூன்று கிழமையிலிருந்து பதின்மூன்று, பதினான்கு கிழமை வரை உள்ள காலம் முக்கியமானது. அப்போது காண்கிற மனிதர், சத்தம், வாகனம் எல்லாம் அதற்குப் பழகிப்போகும். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு தூரம், குட்டி வளவுக்குள்ளேயே வளரும், பிறகு ஹெல்மெட் போட்ட ஒருவர் படலையைத் திறந்தால் அதற்கு அவர் பேய்தான். ஆனையை விரட்டப் போடும் வெடி வெடித்த இரவில் கட்டிலுக்குக் கீழே புகுந்த நாயைக் காலைப் பிடித்து இழுத்துக் கடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். விடுங்கள், அது தானாக வரும்.

சங்கிலி பற்றி எனக்குக் கோபமே உண்டு. படலைக்கு நேரே மூன்று முழச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டினால், ரோட்டில் போகிற எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எதையும் எட்ட முடியாது, பயந்தாலும் ஓட முடியாது. தபால்காரர் வருவார், நாய் குரைக்கும், அவர் போய்விடுவார். தான் குரைத்துத்தான் ஆள் ஓடினார் என்று அது ஒவ்வொரு நாளும் படிக்கிறது. சங்கிலி அறுகிற நாளில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னால், நிழலில், இரண்டு மரத்துக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் ஒரு வளையம் போட்டுச் சங்கிலியைக் கோத்துவிடுங்கள். நடந்து திரியவாவது முடியும்.

சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போனால் உறுமுகிறதா? பறித்துப் பழக்கினால் இன்னும் மோசமாகும். தள்ளி நின்று ஒரு மீன்தலையை எறிந்துவிட்டு வாருங்கள், ஆள் வந்தால் நல்லது வரும் என்று அதற்கு விளங்கட்டும். இரண்டு நாய் இருந்தால் சாப்பாட்டைத் தனித்தனி இடத்தில் வையுங்கள். குட்டி போட்ட பெட்டையைக் கொஞ்ச நாள் பிள்ளைகள் நெருங்க வேண்டாம். கடுவன்களுக்கு நலம் எடுத்தால் (விதை நீக்கினால்) ஊர் சுற்றுவதும் பெட்டைக்காகச் சண்டை பிடிப்பதும் குறையும், பயத்தில் கடிப்பது அதனால் மாறாது. சண்டைக்கு நடுவே கையை விடாதீர்கள், ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.

அப்புறம், உறுமுகிற நாயை அடிக்கக் கூடாது. உடம்பு விறைக்கும், நித்திரை இல்லாமலே கொட்டாவி விடும், நாக்கால் வாயை நக்கும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியும், அதற்குப் பிறகுதான் உறுமல். அதை அடித்து நிறுத்தினால் கடிக்கிற எண்ணம் போகாது, முன்னறிவிப்புத்தான் போகும். வாலாட்டுகிறது என்றும் நம்பாதீர்கள், விறைப்பாக உயர்த்தி ஆட்டுவது சினேகம் இல்லை.

இதெல்லாம் விசர் இல்லாத நாய்க்கு. வாயால் நீர் வடிந்து, தாடை தொங்கி, குரல் மாறி, தள்ளாடி, கண்டதையெல்லாம் கடித்தால் அல்லது வழக்கத்துக்கு மாறாக மூலையில் ஒதுங்கினால் கிட்டப் போகாதீர்கள். நாய் கடித்தால், அது வீட்டு நாயாக இருந்தாலும், காயத்தைக் கழுவிவிட்டு அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே ஊசிக்குக் காசு வாங்குவதில்லை. மஞ்சள், சுண்ணாம்பு பூச வேண்டாம். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் இரண்டு கிழமை கட்டிவைத்துப் பாருங்கள், செத்தாலோ காணாமல் போனாலோ ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

மணியையும் அப்படித்தான் கட்டிவைத்துப் பார்த்தோம். காது ஆறிவிட்டது. மருந்துப் போத்தலைக் கண்டால் மட்டும் இன்னும் கோடிப்பக்கம் போய்ப் படுத்துக்கொள்கிறது.