டிஎல்எஸ் லைப்ரரியும் அதின்ர டொக்ஸும்: மெயின்டெயின் பண்ணேக்க விடக்கூடாத பிழையள்

கொழும்பில இப்ப கன பெடியள் ஓபன் சோர்ஸுக்கு ஏதாவது செய்வம் எண்டு வெளிக்கிட்டா முதல்ல டொக்ஸ் (எப்பிடிப் பாவிக்கிறது எண்டு விளக்கிற பக்கங்கள்) பக்கம் தான் போகினம். கோட் தொடப் பயம், டொக்ஸில பிழை விட்டா என்ன பெருசா நடக்கப்போகுது எண்டு ஒரு நினைப்பு. வேற மொடியூல் எண்டா அது சரியா இருக்கலாம், ஆனா நெட்வேர்க் செக்கியூரிட்டி மொடியூலுக்கு சரிவராது, ஏன் எண்டா அந்தப் பக்கத்தை ஒருத்தரும் முழுசா வாசிக்கிறேல்ல, நேர கீழ இறங்கி எக்ஸாம்பிள் கோடைக் கொப்பி அடிச்சுக்கொண்டு போயிடுவினம், பேந்து அது தான் சேர்வரில வருஷக்கணக்கா ஓடும். நான் பைதன்ட எஸ்எஸ்எல் மொடியூலை, அதாவது கனெக்ஷனை என்கிரிப்ட் பண்ற டிஎல்எஸ் முறைக்கான மொடியூலை (எஸ்எஸ்எல் எண்டது அதின்ர பழைய பேர்) வச்சுத்தான் கதைக்கப்போறன், எனக்கு அது தான் பழக்கம். பேர்ள், பிஎச்பி, ரூபி எண்டு நீங்கள் எதைப் பாத்துக்கொண்டு இருந்தாலும் கதை கிட்டத்தட்ட இதே தான்.

ஆகப்பெரிய பிழை, ஓட்டை எக்ஸாம்பிளைப் போட்டிட்டு அதுக்குக் கீழ சிவப்புப் பெட்டியில வோர்னிங் எழுதுறது. பைதன்ல ராப் சொக்கெட் எண்டு ஒரு பங்ஷன் கனகாலம் இருந்தது. ஒரு வரியில சொக்கெட்டை டிஎல்எஸ் ஆக்கிவிடும், பாக்க வடிவு, ஆனா நீங்கள் சொல்லாட்டி சேர்டிபிக்கட்டை (சேர்வர் தான் ஆர் எண்டு காட்டுற அடையாளப் பத்திரம்) செக் பண்ணாது, ஹோஸ்ட்நேமை (நீங்கள் கூப்பிட்ட பேர் தான் அதில இருக்கா எண்டதை) எப்பவுமே செக் பண்ணாது. லைன் என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும், ஆனா மற்றப் பக்கம் இருக்கிறது உங்கட பேங்கா இல்லாட்டி பம்பலப்பிட்டியில ஒரு கோப்பிக் கடை வைபையில இடையில குந்திக்கொண்டு இருக்கிற ஆளா எண்டு உங்களுக்குத் தெரியாது. சரியான வழி, கிரியேட் டிபோல்ட் கொன்டெக்ஸ்ட், 2014ல பைதன் 3.4ஓடயே வந்திட்டுது. ஆனா பழசை 3.7ல தான் டிப்ரிகேட் பண்ணினவை (இனிப் பாவிக்காதேங்கோ எண்டு அறிவிச்சவை), முழுசாத் தூக்கினது 2023 ஒக்டோபர்ல வந்த 3.12ல. இடையில ஒன்பது வருஷத்துக்கு மேல, அந்தக் காலத்தில எழுதின டுட்டோரியலுகள் இப்பவும் கூகிள்ல வருது. அதால என்ட கருத்து, பக்கத்தில முதல்ல வாற கோட் பாதுகாப்பானதா மட்டும் இருந்தாப் போதாது, ஆகச் சின்னதாவும் அது தான் இருக்கோணும். ஓட்டைக் கோட் மூண்டு வரி, நல்ல கோட் எட்டு வரி எண்டா ஆக்கள் எதை எடுப்பினம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

டொக்ஸ் சரியா இருந்தும் உதவாத கதையும் இருக்கு. வெப் சேர்வர்களோட கதைக்கிற கேர்ல் எண்ட லைப்ரரியில வெரிபை ஹோஸ்ட் எண்ட ஒப்ஷனுக்கு 0, 1, 2 எண்டு மூண்டு வெல்யூ. 2 குடுத்தாத்தான் பேர் பொருந்துதா எண்டு பாக்கும். 1 குடுத்தா சேர்டிபிக்கட்டில ஏதோ ஒரு பேர் இருக்கா எண்டு மட்டும் பாத்திட்டு விட்டிடும். டொக்ஸில இது தெளிவா எழுதித்தான் இருந்தது. ஆனா பிஎச்பி எழுதிற ஒரு ஆள் என்ன செய்வார், வெரிபை எண்டு கண்டோன ட்ரூ எண்டு போடுவார், ட்ரூ எண்டா 1, முடிஞ்சுது. 2012ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை பேமன்ட் லைப்ரரியளிலயே இந்தப் பிழை கிடக்கிறதைக் காட்டினது. அதே வருஷம் நவம்பர்ல 7.28.1 வேர்ஷன்ல 1 எண்டு குடுத்தா எரர் வாற மாதிரி மாத்தினவை, பேந்து ஒரு கட்டத்தில 1ம் 2ம் ஒண்டு எண்டே ஆக்கிட்டினம். ஒரு ஒப்ஷனை விளங்கப்படுத்த டொக்ஸில மூண்டு பந்தி தேவைப்படுது எண்டா பந்தியைத் திருத்தாதேங்கோ, ஒப்ஷனைத் திருத்துங்கோ.

பேர் வைக்கிறதிலயும் இப்பிடித்தான். பைதன்ல புரோட்டோகொல் எஸ்எஸ்எல்வி23 எண்டு ஒரு கொன்ஸ்டன்ட், பேரைப் பாத்தா பழைய எஸ்எஸ்எல் 2, 3 மட்டும் எண்டு தான் ஆரும் நினைப்பினம், உண்மையில ரெண்டு பக்கமும் ஏலுமான ஆகப்புது வேர்ஷனை அது எடுக்கும், 101 மொறட்டுவை எண்டு போர்ட் போட்டிட்டு அங்க நிக்காம பாணந்துறைக்குப் போற பஸ் மாதிரி. நடந்தது என்னெண்டா, கவனமான ஆக்கள் தான் மாட்டினவை. எஸ்எஸ்எல் எண்டா பழசு, டிஎல்எஸ்வி1 எண்டதைப் போடுவம் எண்டு போட்டு, டிஎல்எஸ் 1.0ல மட்டும் பூட்டிக்கொண்டு இருந்தவை. 1.0ஐயும் 1.1ஐயும் 2021 மார்ச்சில இன்டர்நெட் தரங்களை வைக்கிற ஐஈடிஎப் உத்தியோகபூர்வமாவே கைவிட்டிட்டுது.

டிபோல்ட்டை மாத்தேக்க வாற பிழை வேற மாதிரி. 2014 டிசம்பர்ல பைதன் 2.7.9 வந்தது, பெப் 476 (பைதன் மாற்றத்துக்கான பிரேரணை) படி எச்டிடிபிஎஸ்ஸுக்கு சேர்டிபிக்கட் செக் பண்றது டிபோல்ட் ஆச்சு. (அதுக்கு முதல் செக்கே இல்லை எண்டு இப்ப சொன்னா பெடியள் நம்பினமே இல்லை.) நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனா உடைஞ்சு போற ஆக்களுக்கு எண்டு செக்கை முழுசா ஓப் பண்ற ஒரு வரியும் கூடக் குடுத்தவை. அண்டர்ஸ்கோர்ல தொடங்கிற பேர், அதாவது தொடாதேங்கோ எண்டு அர்த்தம், அதைத்தான் எல்லாரும் தொட்டவை. இங்க ஒபிசுகள்ல இன்டர்னல் சேர்வருக்கு செல்ப் சைன்ட் (தாங்களே கையெழுத்து வச்ச) சேர்டிபிக்கட் போட்டு வச்சிருக்கிறது சாதாரணம், ஆரோ ஒரு சீனியர் அண்ணா "இதைப் போடு தம்பி, எரர் போயிடும்" எண்டு அந்த வரியைக் குடுப்பார், அந்த வரி புரோடக்ஷன் வரைக்கும் போயிடும். அண்ணாவைப் பிழை சொல்லி வேலையில்லை. ஓப் பண்ற வழியை எழுதுற இடத்திலயே, அதுக்கு மேல, ஒபிசின்ர சிஏ பைலை (எந்தக் கையெழுத்தை நம்பலாம் எண்டு சொல்ற சேர்டிபிக்கட்) கொன்டெக்ஸ்டுக்குக் குடுக்கிற வழியையும் எழுதியிருக்கோணும், அதுவும் ஒரு வரி தான். மெக்கில பைதன் தளத்தில இருந்து இன்ஸ்டோல் பண்ணினா சிஸ்டத்தின்ர சேர்டிபிக்கட் ஸ்டோரைப் பாக்காது, இன்ஸ்டோல் சேர்டிபிக்கட்ஸ் எண்டு கூட வாற பைலை ஓட விடோணும், இதுவும் எரர் மெசேஜில இல்லாத விசயம். எரரைக் கூகிள் பண்ணிற ஆளுக்கு முதல்ல கிடைக்கிறது உங்கட பக்கமா இல்லாட்டி ஆரோ எழுதின ஓப் பண்ற வரியா எண்டு ஒருக்கா நீங்களே தேடிப் பாருங்கோ.

இனி நேரம். இது எங்கட பக்கத்து ஆக்களுக்குக் கெதியாத் தெரியிற பிழை. சேர்டிபிக்கட்டில முடியிற நேரம் ஜிஎம்டியில இருக்கும், அதை செக்கனா மாத்த ஒரு பங்ஷன் இருக்கு, 3.5 வரும் வரைக்கும் அது அந்த நேரத்தை உங்கட மெஷின்ட லோக்கல் நேரம் எண்டு எடுத்துக்கொண்டு இருந்தது. லண்டன்ல மாரி காலத்தில டெஸ்ட் பண்ணின ஆளுக்கு எல்லாம் சரி. கொழும்பில ஐஞ்சரை மணித்தியாலம் முந்தியே முடிஞ்சிட்டுது எண்டு காட்டும், தொந்தரவு தான் ஆனா ஆபத்தில்லை. நியூயோர்க்கில ஐஞ்சு மணித்தியாலம் பிந்திக் காட்டும், அங்க செத்த சேர்டிபிக்கட் உயிரோட இருக்கும். ப்ளஸ் ஐஞ்சரை எண்டு டெஸ்டில கையால எழுதி வைக்கிறதும் பிழை, எங்கட நாட்டு நேரமே 1996ல இருந்து 2006 வரைக்கும் ஆறரை, ஆறு எண்டு மாறித் திரிஞ்சது. எக்ஸாம்பிள்ல நேரம் வந்தா ஜிஎம்டி எண்டு எழுத்தில போடுங்கோ, அவுட்புட்டை உங்கட லெப்டொப்பில இருந்து கொப்பி அடிக்க முதல் டைம்சோனை மாத்தி ஓடிப் பாருங்கோ.

பைதன் வேர்ஷனை மட்டும் வச்சு டொக்ஸ் எழுதிறதும் சரிவராது, அடியில டிஎல்எஸ் வேலையைச் செய்யிறது ஓபன்எஸ்எஸ்எல் எண்ட லைப்ரரி. டெபியன் எண்ட லினக்ஸில 10ஆம் வேர்ஷன்ல இருந்து டிபோல்ட் கொன்பிக்கே டிஎல்எஸ் 1.2க்கு கீழ விடாது, அப்ப உங்கட பக்கத்தில 1.1 ஏலும் எண்டு எழுதியிருந்தா வாசிக்கிறவருக்கு அது பொய். பக் ரிப்போர்ட் கேக்கேக்க ஓபன்எஸ்எஸ்எல் வேர்ஷனையும் கேளுங்கோ, அவ்வளவு தான்.

கோட்டில கொமன்ட் எழுதாம விடுறதைப் பற்றி ஒரு பழைய கதை. 2006ல டெபியன்ட ஓபன்எஸ்எஸ்எல் பெக்கேஜில மெமரி செக் பண்ற டூல் ஒண்டு கத்துது எண்டு ரெண்டு வரியைக் கொமன்ட் அவுட் பண்ணினவை. கேக்காம செய்யேல்ல, ஓபன்எஸ்எஸ்எல் ஆக்களிட்டக் கேட்டுத்தான் செய்தவை. ஆனா அதில ஒரு வரி தான் கீ (ரகசியச் சாவி) செய்யிற ரேண்டம் நம்பரை ஊகிக்க ஏலாம ஆக்கிற சரக்கைச் சேர்த்துக்கொண்டு இருந்தது. மிஞ்சினது புரொசஸ் ஐடி மட்டும், ஒரு வகைக் கீக்கு 32,768 சாத்தியம், ஒரு பின்னேரத்தில எல்லாத்தையும் போட்டுப் பாக்கலாம். இந்தப் பிழை 2008 மே வரைக்கும் வெளியில வரேல்ல. அந்த வரிக்கு மேல இது ஏன் இருக்கு எண்டு ஒரு வசனம் இருந்திருந்தா கை வைக்க முதல் ரெண்டு தரம் யோசிச்சிருப்பினம்.

ஓட்டை ஒண்டைக் கண்டுபிடிச்சா அதை கிட்ஹப்பில பப்ளிக்கா இஷ்யூ போடுறது இன்னொரு பிழை, இங்க நல்ல மனசோட தான் கன பேர் செய்யினம். இலங்கை சேர்ட்டுக்கு (நாட்டின்ர கணினிப் பாதுகாப்பு அவசர அமைப்பு) சொல்றதா எண்டும் கேக்கினம். பிழை லைப்ரரியில எண்டா லைப்ரரியின்ர செக்கியூரிட்டி டீமுக்குத்தான் முதல்ல, தனியா. 2023 ஓகஸ்ட்ல திருத்தின பைதன் ஓட்டை ஒண்டு இருக்கு, ஹேண்ட்ஷேக் (ரெண்டு பக்கமும் ஆளையாள் செக் பண்ணிற தொடக்கம்) நடக்க முதல் டேட்டாவை அனுப்பிட்டு உடன கனெக்ஷனை மூடினா சேர்வர் அதை ஏதோ செக் பண்ணி வந்த டேட்டா மாதிரி வாசிச்சிடும். கிளையன்ட் சேர்டிபிக்கட்டை நம்பி இருக்கிற சேர்வருக்கு அது பெரிய விசயம், அப்பிடி ஒண்டை பிக்ஸ் வர முதல் ஊருக்குச் சொல்ல ஏலாது. மெயின்டெயினர் பக்கத்திலயும் கவனம் வேணும், பெட்ச் போடேக்க கொமிட் மெசேஜில முழுக் கதையையும் எழுதிட்டு ரிலீஸை ரெண்டு கிழமை பிந்தி விடாதேங்கோ.

டெஸ்டுகளைப் பற்றி பெருசா சொல்ல இல்லை. வெளி சேர்வருக்குப் போற டெஸ்ட் ஒரு நாளைக்கு உடையும். ரிப்போவில வச்சிருக்கிற டெஸ்ட் சேர்டிபிக்கட்டும் ஒரு நாளைக்கு எக்ஸ்பயர் ஆகும், அண்டைக்கு அதைச் செய்த ஆள் வேலை மாறிப் போயிருப்பார். சேர்டிபிக்கட்டோட அதை உருவாக்கிற ஸ்கிரிப்டையும் அதே போல்டர்ல போடுங்கோ, முடியிற திகதியை ரீட்மீயில எழுதுங்கோ, ஜிஎம்டியில.