ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது: என் அனுபவம்

சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வந்து, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பூட்டிய கம்ப்யூட்டர். பவர் பட்டனை அழுத்தியதும் பிராசசர் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. பவர் சப்ளையின் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பின்பக்க சுவிட்சை அணைத்து, கொஞ்சம் விட்டுப் போட்டால் மீண்டும் அதே அரைச் சுற்று.

சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் 24 பின், பிராசசருக்கான 8 பின் கனெக்டர்கள் இரண்டையும் கழற்றி, க்ளிக் சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன், மாற்றமில்லை. கேபினெட் பட்டனோ என்று அதன் ஒயரை உருவிவிட்டு, மதர்போர்டில் அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டேன், அதே கதைதான். அப்புறம் போர்டு இல்லாமல் சப்ளை தனியாக ஓடுகிறதா என்று பார்க்க, 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தேன் (பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கிளிப்பைச் செருக வேண்டும், இதில் அவசரமே கூடாது). பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டதும் சப்ளை ஃபேன் சீராக ஓடியது. அப்படியென்றால் எங்கோ ஷார்ட் ஆகிறது, சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது.

போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து, ஒரே ஒரு ரேமோடு ஆன் செய்தால் ஓடுகிறது! அந்த நிம்மதியை எப்படிச் சொல்ல. காலி கேபினெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) ஒன்று தனியாக நின்றது. மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவு போர்டுக்காக முன்பே திருகி வந்தது. அதைவிடப் பெரிய என் ஏடிஎக்ஸ் போர்டில் அந்த இடத்தில் ஓட்டையே கிடையாது, போர்டின் அடிப்பக்க சால்டரில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே மெல்லிய கீறல்கூடத் தெரிந்தது. குறடால் அதைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டினேன். ஒரே அழுத்தில் ஆன் ஆனது.