கல்லூரி ஆசிரியர்களுக்கான ஒரு நாள் பயிலரங்கு: முதல்முறை நடத்துபவர்களுக்கு

எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) கோ-ஆர்டினேட்டர் பொறுப்பு முதல்முறையாக உங்களிடம் வந்திருந்தால், மண்டபம், பேனர், பொன்னாடை என்றுதான் மனம் ஓடும். அதெல்லாம் தானாக நடந்துவிடும். சாயங்காலம் கிளம்பும்போது ஆசிரியர்களிடம் சான்றிதழோடு கூட, அடுத்த வாரமே வகுப்பில் பயன்படுகிற ஒன்று இருக்க வேண்டும். அது என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

1. தலைப்பைச் சுருக்குங்கள்

‘கற்பித்தலில் நவீன உத்திகள்’ என்று வைத்தால் ஒரு நாளில் எதுவும் நடக்காது. ஸ்டாஃப் ரூமில் நாலு பேரிடம் கேளுங்கள்: “இந்த செமஸ்டரில் உங்களுக்கு எது தலைவலியாக இருக்கிறது?” நம் ஊர்க் கல்லூரிகளில் பெரும்பாலும் வருகிற பதில், இன்டர்னல் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பதும், ஒவ்வொரு கேள்வியும் மாணவரிடம் எந்த அளவு சிந்தனையைக் கேட்கிறது என்று காட்டும் நிலை எண்ணை, கே1 முதல் கே6 வரை, போடுவதும்தான். அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த நிலைகளுக்கு மூலம் பெஞ்சமின் புளூமும் உடன் பணியாற்றியவர்களும் 1956-இல் வெளியிட்ட வகைப்பாடு. 2001-இல் அது திருத்தப்பட்டது. நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என்ற வரிசை அந்தத் திருத்தத்தில் வந்தது. இவைதான் முறையே கே1 முதல் கே6 வரை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி பதவி உயர்வுக்குக் கணக்கில் வர, இத்தகைய பயிற்சி குறைந்தது ஒரு வாரம், அதாவது 5 நாள் நடக்க வேண்டும். ஒரு நாள் பயிலரங்கு அதில் சேராது. தெரியாமல் வந்தவர்கள் கடைசியில் வருத்தப்படக் கூடாது.

2. தேதி, அனுமதி

செமஸ்டர் தொடங்கும் முதல் வாரம் நல்லது. பேப்பர் திருத்தும் நாட்களைத் தொடாதீர்கள். பிரின்சிபல் கையெழுத்தோடு சர்குலர் போய்விட்டால் பாதி வேலை முடிந்தது. முப்பது பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். அதற்கு மேல் போனால் குழுக்களை யாரும் கவனிக்க முடியாது.

3. ரிசோர்ஸ் பெர்சன் (பயிற்சி நடத்துபவர்)

பெரிய பெயர் வேண்டும் என்று அலைய வேண்டாம். வந்தவர்களை வேலை செய்ய வைக்கத் தெரிந்தவர் போதும். உங்கள் கல்லூரி சீனியர் பேராசிரியரே அப்படி இருக்கலாம். போனிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “சார், பேச்சு நாற்பது நிமிடம், மீதி நேரம் பயிற்சி.” போன வருடக் கேள்வித்தாள்கள் சிலவற்றை முன்பே அனுப்பிவையுங்கள்.

4. அந்த நாள்

தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை எல்லாம் சேர்ந்து இருபது நிமிடத்துக்குள் முடியட்டும். இங்கே போகும் நேரம் பயிற்சியிலிருந்துதான் வெட்டுப்படும்.

பேச்சு முடிந்ததும், ஒரே துறையைச் சேர்ந்த நாலைந்து பேரை ஒரு மேஜையில் உட்கார வையுங்கள். தங்கள் பழைய கேள்வித்தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே எண்ணைப் பென்சிலால் எழுதட்டும். இங்கேதான் விவாதம் சூடு பிடிக்கும். ‘பகுத்தாய்க’ என்று எழுதிவிட்டாலே கே4 என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் விடை அப்படியே நோட்ஸில் இருந்தால், மாணவர் மனப்பாடம் செய்ததைத்தான் எழுதுவார், அது கே1தான். கேள்வியில் உள்ள வினைச்சொல்லை வைத்து நிலையைத் தீர்மானிக்க முடியாது. அந்த விடையை மாணவர் முன்பே பார்த்திருக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஒரு கே1 கேள்வியை கே3-க்கு மாற்றச் சொல்லுங்கள். தாவரவியலில் ‘சவ்வூடு பரவல் என்றால் என்ன?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதை இப்படி மாற்றலாம்: ‘உப்பு போட்டுப் பிசறி வைத்த மாங்காய்த் துண்டுகள் மறுநாள் நீர்விட்டுச் சுருங்குவது ஏன்? உப்பின் அளவைக் குறைத்தால் என்ன மாற்றம் இருக்கும்?’ பாடம் அதேதான். ஆனால் வரையறையை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே நின்றுவிடுவார். மாங்காய் உதாரணத்தை வகுப்பிலேயே சொல்லிவிட்டீர்கள் என்றால் வேறு ஒன்றைத் தேட வேண்டும்.

மாற்றிய கேள்விக்கு விடைக்குறிப்பும் மதிப்பெண் பங்கீடும் அங்கேயே எழுத வேண்டும். முதல் பகுதிக்கு 2, இரண்டாவதற்கு 3 என்று பிரிக்கும்போதுதான் கேள்வியில் உள்ள குழப்பம் வெளியே வரும். மதியத்துக்கு மேல் மேஜைகள் தாள்களை மாற்றிக்கொண்டு, அடுத்த துறையின் கேள்வியைப் படிக்கட்டும். பாடம் தெரியாதவருக்கும் கேட்பது என்னவென்று புரிந்தால் கேள்வி சரியாக அமைந்திருக்கிறது.

5. ஆவணங்கள்

வருகைப் பதிவு, சர்குலர் நகல், இடமும் நேரமும் பதிந்த புகைப்படங்கள், அறிக்கை. இவற்றை அன்றே கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யிடம் கொடுத்துவிடுங்கள், கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டின்போது தேட வேண்டியிருக்காது. ஃபீட்பேக் ஃபார்மில் ‘மிக நன்று, நன்று’ கட்டங்களோடு நிறுத்தாமல், ‘இன்று நீங்கள் மாற்றி எழுதிய ஒரு கேள்வியை இங்கே எழுதுங்கள்’ என்று ஒரு பெட்டி வையுங்கள். அதை நிரப்பிய பிறகு சான்றிதழ் கொடுங்கள்.

6. தேர்வுக்குப் பிறகு

பலரும் விட்டுவிடுகிற படி இது, எனக்கு மிக முக்கியமானதும் இதுதான். முதல் இன்டர்னல் முடிந்ததும் அதே ஆசிரியர்களை அரை மணி நேரம் கூப்பிடுங்கள். ஆளுக்குப் பத்து விடைத்தாள்களோடு வரட்டும். மாற்றிய கேள்வியை எத்தனை பேர் தொடவே இல்லை, தொட்டவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலோர் ஒரே இடத்தில் தடுமாறியிருந்தால், கேள்வியைத் திருத்துவதா, அந்தப் பாடத்தை மறுபடி நடத்துவதா என்பதை அங்கேயே பேசி முடிவு செய்யுங்கள்.