பெங்களூரிலிருந்து ஸ்பெங்ளர் கோப்பைக்கு: எதை முதலில் முடிப்பது?

ஸ்பெங்ளர் கோப்பை, சுவிட்சர்லாந்தின் தாவோஸில் 1923-இல் தொடங்கிய அழைப்பு ஐஸ் ஹாக்கிப் போட்டி. டிசம்பர் 26 முதல் 31 வரை என்று தேதி முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் தீபாவளி போனஸ் கைக்கு வந்தபிறகு ஆரம்பித்து, விசாவிலோ அறையிலோ மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

முதலில் எந்த ஆட்டம் என்று முடிவு செய்யுங்கள். ஆறு அணிகள், மும்மூன்றாக இரண்டு பிரிவுகள்: டோரியானி, கட்டினி. 26 முதல் 28 வரை ஒவ்வொரு அணிக்கும் இரண்டு ஆட்டங்கள். லீக் சுற்றில் யாரும் வெளியேறுவதில்லை. பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணி நேராக 30-ஆம் தேதி அரையிறுதிக்குப் போய்விடும். 29-இல் மற்ற நான்கு அணிகள் மட்டுமே மோதும். தாவோஸ் அணியையோ கனடாவையோ பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், 29-ஆம் தேதி டிக்கெட்டை நம்பாதீர்கள்: அவர்கள் நன்றாக ஆடியிருந்தால் அன்று அவர்களுக்கு ஓய்வு! லீக் ஆட்டங்களுக்கு வாங்குவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது அறை. புத்தாண்டு வாரத்தில் தாவோஸ் விலை மலையேறியிருக்கும். பல விடுதிகள் ஒரு வாரத்துக்குக் குறைந்து தராது. க்ளோஸ்டர்ஸ், லாண்ட்குவார்ட், கூர் ஊர்களில் தேடுங்கள். இரவு ஆட்டம் முடிய பத்தரை ஆகிவிடும் என்பதால், கடைசி ரயில் நேரத்தை சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. செயலியில் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யவும்.

ஷெங்கன் விசாவுக்கு (சுவிட்சர்லாந்து உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் வேண்டும். சுவிஸ் விண்ணப்பத்தைப் பெங்களூரில் உள்ள வி.எஃப்.எஸ். என்ற விசா விண்ணப்ப மையத்திலேயே கொடுக்கலாம். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. காப்பீட்டுத் தேதி திரும்பும் நாளுக்கு ஒரு நாள் முன்பே முடிந்துபோவது சகஜமான தவறு. இரண்டு நாள் கூட்டியே எடுங்கள்.

பெங்களூரிலிருந்து சூரிச்சுக்கு நேரடி விமானம் இல்லை. டெல்லி வழி வேண்டாம். டிசம்பர் மூடுபனியில் இணைப்பு விமானம் கைநழுவும். மும்பை அல்லது ஃப்ராங்க்ஃபர்ட் வழி மேல். ஃப்ராங்க்ஃபர்ட்டில் மாறினால் ஷெங்கன் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும் என்பதால் மூன்று மணி நேர இடைவெளி வையுங்கள். 25-ஆம் தேதி இறங்குபவர்கள் கவனம்: அன்று கடைகள் மூடியிருக்கும், சூரிச் ரயில் நிலையக் கடைகளே கதி.

சூரிச்சிலிருந்து லாண்ட்குவார்ட், அங்கே சிவப்பு மலை ரயிலுக்கு மாறி தாவோஸ் பிளாட்ஸ்: மொத்தம் சுமார் இரண்டரை மணி நேரம். க்ளோஸ்டர்ஸ் வரை ஒரே தடத்தில் போய், அதன்பின் எங்கடின் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பும் ரயிலும் உண்டு. பெட்டியின் பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

தாவோஸ் சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் அங்கே உள்சட்டைக்குச் சமம். ஆனால் அரங்கில் உண்மையான எதிரி பாதம்தான்: நின்று பார்க்கும் இடத்தில் கான்கிரீட் குளிர் மெல்லிய அடிப்பாகம் வழியே ஏறிவிடும். ஸ்னீக்கர் உதவாது, தடித்த அடிப்பாகமுள்ள காலணியும் கம்பளிக் காலுறையும் போடுங்கள். காலுறைமேல் காலுறை மாட்டிக் காலணியை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து குளிர் இன்னும் கூடும்.

“பக் எங்கே போச்சு?” என்பது புதிதாகப் பார்ப்பவரின் புலம்பல். 7.62 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் வட்டு அது. துள்ளாமலிருக்க உறையவைத்தே ஆட்டத்தில் போடுவார்கள். அதைக் கண்ணால் துரத்தாமல் ஆட்டக்காரர்கள் திரும்பும் திசையைப் பாருங்கள். ஆடுகளத்தைச் சுற்றிய கண்ணாடித் தடுப்பை ஒட்டிய இருக்கையைவிட, எதிரணிப் பகுதியைப் பிரிக்கும் நீலக்கோட்டுக்கு நேரே உயரமான இருக்கையில் ஆஃப்சைடும் (பக்குக்கு முன்பே அந்தப் பகுதிக்குள் நுழையும் தவறு) பாஸும் தெளிவாகப் புரியும்.

இறுதி ஆட்டம் வழக்கமாக 31-இல் பகல் 12:10-க்கு. நம் நேரம் மாலை 4:40. ஊரில் இருப்பவர்கள் காபியோடு உட்காரலாம். நேரில் பார்ப்பவர்கள் அன்று மாலையே சூரிச் போய்ச் சேரலாம்.