பங்குனிக்குள் எட்டு மூடை: இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் நெல் அவிப்பது எப்படி

மாசி முடியும்போது கிளிநொச்சியில் எங்கள் ஊரான வட்டக்கச்சி வயல்களில் வெட்டு மெசினின் சத்தம் ஓயும். வயற்கரையில் வியாபாரிகளின் லொறி நிற்கும். ஈரநெல்லை அப்படியே ஏற்றிவிட்டால் அன்றைக்கே கையில் காசு. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் காய வைக்க ஆளில்லை, அவிக்க நேரமில்லை என்று எல்லா மூடையையும் ஏற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. கலியாணம் கட்டிய முதல் மூன்று வருடமும் நாங்களும் அதைத்தான் செய்தோம். மாசியில் ஈரநெல் என்று விலை குறைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஆவணியில் அதே நெல்லை அரிசியாகக் கடையில் கிலோக் கணக்கில் வாங்கினோம். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். அந்தக் கணக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

மனைவி, தாய் சேய் நலம் பார்க்கிற குடும்பநல மாது. வாரநாளில் கிளினிக், வீட்டுத் தரிசிப்பு. சனிக்கிழமையும் மத்தியானம் வரை கடமை. பிரசவமான வீடு ஏதும் இருந்தால் ஞாயிறும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவா. பிள்ளைகள் இரண்டு. மாமி எங்களோடு இருக்கிறா; முழங்கால் வருத்தத்தால் குனிந்து நிமிர முடியாது, ஆனால் கண்ணாலேயே நெல்லின் பதம் சொல்லுவா. பெரியவர்கள் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து, பெரும்போக (மாரிப் போக) அறுவடைக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் இடையில் வருடம் முழுவதும் புழுங்கலரிசிக்கு வேண்டிய நெல்லை எப்படி அவித்து அடுக்குகிறோம் என்பதை எழுதுகிறேன். வன்னியில் எங்களைப்போல இருக்கிற இளம் குடும்பங்கள் இதைச் செய்ய வேண்டும் என்பது என் மனமார்ந்த ஆசை.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அரிசி போகிறது. வருடத்துக்குச் சுமார் 340 கிலோ. அவித்துக் காய்ந்த நெல் 100 கிலோ மில்லுக்குப் போனால் 65 கிலோவுக்கு மேல் அரிசி வரும். ஆக, 520 கிலோ நெல். எங்கள் மூடை 65 கிலோ என்பதால் எட்டு மூடை. இதுதவிர இரண்டு மூடையை அவிக்காமல் பச்சையாக வைக்கிறோம். இடியப்பத்துக்கும் புட்டுக்கும் மா இடிக்க, பொங்கலுக்குப் பச்சையரிசி எடுக்க. இந்தப் பத்து மூடைக்காகவே வயலில் ஒரு மூலையில் ஆட்டக்காரி போடுகிறோம். விளைச்சல் குறைவுதான். ஆனால் அந்தச் சிவப்பரிசிச் சோறும் பழைய மீன்குழம்பும் சாப்பிட்ட வாய்க்கு வேறு அரிசி பிடிக்காது.

அறுவடையன்று செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வைக்கிற மூடையை அன்றே அவிழ்த்துப் பரப்புங்கள். மெசினில் வெட்டின நெல் ஈரமாக இருக்கும். மூடைக்குள் ஓரிரவு கிடந்தாலே கையை விட்டுப் பார்த்தால் சூடு தெரியும். அந்தச் சூட்டில் நெல் மஞ்சளாகும், மணக்கும். இரண்டு நாள் நல்ல வெயில் பட்டபின் கட்டி வைத்தால் பிறகு உங்களுக்கு வசதியான கிழமைகளில் ஆறுதலாக அவிக்கலாம். நான் அந்த இரண்டு நாளும் லீவு எடுக்கிறேன். வருடத்தில் நான் கேட்கிற லீவில் பாதி இதுக்குத்தான்.

ஒரு கிழமைக்கு இரண்டு மூடை. இதுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். நான்கு சனி ஞாயிறில் எட்டு மூடை முடியும்; மழையால் ஒன்று போனாலும் வருடப்பிறப்புக்கு முன் இன்னொன்று இருக்கும். போயா (முழுமதி) லீவு வாரநாளில் வந்தால் அது மேலதிகம். பங்குனியில் சனிக்கிழமை ரியூசன் வகுப்பை நான் எடுப்பதில்லை. அந்தக் காசு போகட்டும் என்று முதலிலேயே இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டோம்.

சாமான் அதிகம் வேண்டாம். இரண்டு முழுப் பரல் (இரும்புப் பீப்பா), ஊற வைக்க. குறுக்கே வெட்டின அரைப் பரல் ஒன்று, அவிக்க. எண்ணெய்ப் பரலானால் உள்ளே நெருப்புப் போட்டு எரித்து, உமியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மருந்து, இரசாயனம் இருந்த பரலை எவ்வளவு கழுவினாலும் எடுக்கவே கூடாது. பிறகு சாக்கு, சுளகு, நான்கைந்து கடகம், 15 அடிக்கு 12 அடிப் படங்கு ஒன்று. எங்கள் படங்குக்குக் கீழே விரிப்பது போருக்குப் பிறகு 2010இல் மீளக்குடியமர்ந்தபோது எங்களுக்குக் கூரையாக இருந்த தறப்பாள். கிழிந்த இடங்களை மாமி கையால் தைத்து வைத்திருக்கிறா. மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் இன்னும் அதுதான் காக்கிறது.

வெள்ளி பின்னேரம் தொடங்குவோம். நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் பரலில் தண்ணீர் நிரப்பி அடுப்பை மூட்டுவேன். பனை மட்டை, கொக்கறை, உமி எல்லாம் எரிப்பேன். தண்ணீர் கொதிக்கத் தேவையில்லை. அடியில் சிறு குமிழி எழும்பி, விரல் வைத்தால் உடனே இழுக்கிற சூடு போதும். மனைவி வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு நெல்லைச் சுளகில் ஒருமுறை புடைப்பா. ஏழு மணியளவில் நெருப்பை இழுத்துவிட்டு, பரலுக்கு ஒரு மூடையாகக் கொட்டுவோம். கொட்டியதும் அகப்பையால் ஒருமுறை கிண்டினால் பதர் மேலே மிதக்கும்; அள்ளி எறியுங்கள். நெல்லுக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். ஊறின நெல் பருக்கும் என்பதால் பரலை விளிம்புவரை நிரப்பக் கூடாது. சாக்கால் மூடிவிட்டுப் போய்ப் படுக்கலாம்.

பச்சைத் தண்ணீரில் ஊற வைத்தால் ஒரு பகலும் இரவும் போதாது. தண்ணீர் மாற்றாவிட்டால் புளித்த மணம் சோற்றிலும் வரும். சுடுதண்ணீரில் போட்டால் ஓரிரவில் முடிகிறது. வேலைக்குப் போகிறவர்கள் நெல் அவிப்பதை விட்டதற்குப் பெரிய காரணம் அந்த இரண்டு நாள் ஊறல். சுடுதண்ணீர் அதைத் தீர்த்துவிடுகிறது.

சனி விடிய நான்கு மணி. தண்ணீரை வடித்துவிடுவேன். அரைப் பரலில் நான்கு அங்குலம் தண்ணீர் விட்டு, அதுக்கு மேலே நிற்கும்படி பூவரசந்தடியைத் தட்டுப்போல அடுக்கி, சாக்கு விரித்து, ஊறின நெல்லைக் கொட்டி, மேலே நனைத்த சாக்கால் மூடுவோம். ஒரு முறைக்கு அரைப் பரலில் ஒரு மூடைக்குக் குறையத்தான் பிடிக்கும். இரண்டு மூடைக்கு மூன்று அவியல். சாக்கின் எல்லாப் பக்கத்தாலும் ஆவி வரத் தொடங்கியதிலிருந்து கால் மணித்தியாலம் கழித்து மேலே இருக்கிற நெல்லைப் பாருங்கள். உமி வாய் பிளந்திருந்தால் சரி. முழுக்க விரிந்து அரிசி பிதுங்கினால் கூடிப்போச்சு. அந்த அரிசி கறுத்துக் கடினமாகும், கஞ்சிக்கும் உதவாது. இந்த இடத்தில்தான் மாமி கதிரையைக் கொண்டுவந்து அடுப்படியில் இருப்பா. "காணும், இறக்கு" என்று அவ சொன்னால் மறுபேச்சில்லை.

அந்த நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் ஒரு அவியல் ஆவி கட்டும்வரை எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. ஒரு கிழமையாகப் பேசாமல் விட்டதெல்லாம் அப்போது பேசுவோம். பெரியவளின் கண்ணாடி, சீட்டுக் காசு, அவவின்ரை தமக்கை வீட்டுக் கலியாணம், சிறுபோகத்துக்கு (கோடைப் போகத்துக்கு) எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் கிடைக்குமா என்பது. வாரநாளில் நாங்கள் ஒருவர் வர மற்றவர் போகிற ஆட்கள். நெருப்புக்கு முன்னால் அருகருகே இருந்து பேசுவது எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று இந்த வேலையைத் தொடங்கின பிறகே தெரிந்தது.

இனிக் காயவிடுவது. எல்லாத் தவறும் நடப்பது இங்கேதான், இதைக் கவனமாகப் படியுங்கள். ஆறரை மணிக்கு முன் படங்கில் ஓரங்குலத் தடிப்பில் பரப்புங்கள். அரை மணிக்கொருதரம் காலால் சால் இழுத்துக் கிண்ட வேண்டும். மனைவி ஏழரைக்குக் கடமைக்குப் போய்விடுவா. சனி காலை கிண்டுவது என் பங்கு. வேப்பமரத்துக்குக் கீழே படங்கை விரிக்காதீர்கள். பங்குனியில் வேம்பு பூத்துக் கொட்டும், பூ நெல்லோடு கலந்தால் பொறுக்கி முடியாது. மரத்துக்குக் கீழே பழைய சேலை ஒன்றை விரித்தால் விடிய வடகத்துக்கு வேண்டிய பூ தானாக வந்து சேரும். சின்னவன் அதைக் கூட்டி எடுப்பான்.

வெயில் நல்லாக எறிக்கிறது என்று ஒரே நாளில் காயவைத்து முடிக்கப் பார்க்காதீர்கள். ஏப்ரல் முதல் பாதியில் எங்கள் தலைக்கு நேர்மேலே சூரியன் வருகிறது. அந்த வெயிலில் ஈரநெல்லை விடாமல் காயவிட்டால் மேல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், அரிசி உள்ளுக்குள் வெடிக்கும், மில்லில் பாதி குறுநலாகப் போகும். அதனால் மத்தியானம்வரை காயவிட்டு, குவித்து, சாக்கால் மூடி வையுங்கள். இரவில் உள்ளே இருக்கிற ஈரம் மெல்ல வெளியே பரவும். ஞாயிறு காலை திரும்பப் பரப்பினால் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பதம் வந்துவிடும். ஞாயிறு கிண்டுவது மனைவியின் பங்கு. நான் சமையல், பிள்ளைகளின் உடுப்பு. பதம் பார்க்க ஒரு நெல்லை உமி நீக்கிப் பல்லில் கடியுங்கள். நசிந்தால் காயவில்லை, 'டக்' என்று முறிந்தால் சரி. நெல் சந்தைப்படுத்தல் சபை நெல் வாங்குகிற ஈரப்பதன் 14 வீதம். கருவி இல்லாத வீட்டில் அதுக்குக் கிட்டப் போகிற அளவு பல்தான்.

பங்குனி, சித்திரையில் இன்னொரு பயம் மழை. காலை முழுவதும் வானம் பளிச்சென்று இருக்கும். வெக்கை ஏறி, இரண்டு மூன்று மணிக்குப் பிறகு இடியோடு கொட்டும். சித்திரைச் சிறுமாரி சொல்லாமல் வரும். 2016இல் ஒரு சனிக்கிழமை நான் இரண்டு மணிக்குக் கடைக்குப் போனேன். மனைவி களைத்து வந்து கண் அயர்ந்துவிட்டா. இரண்டு மூடையும் நனைந்து, மறுநாள் வெயிலும் இல்லாமல், புளித்துப்போய் மாட்டுக்குத்தான் உதவியது. "வானத்தைப் பாத்தனீரோ?" என்று நான் கேட்க, "நீங்கள் போகேக்கை எனக்கொரு சொல்லுச் சொன்னனீங்களோ?" என்று அவ கேட்க, இரண்டு நாள் வீட்டில் முகம் பார்க்கவில்லை. அதுக்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்தோம். வானம் எப்படி இருந்தாலும் இரண்டு மணிக்குள் நெல் குவியும். ஒருவர் வெளிக்கிட்டால் மற்றவரை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிடுவது. இன்றுவரை பிறகு ஒரு மூடையும் நனையவில்லை.

காய்ந்த நெல்லை உடனே கட்டாதீர்கள். நிழலில் சூடு ஆறட்டும். மூடைகளைச் சுவரில் முட்டாமல், நிலத்தில் படாமல், கட்டை போட்டு அடுக்குங்கள். இடையிடையே காய்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டால் அந்து குறையும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குற்றி அரிசியாக்கி வைக்கக் கூடாது. உமிக்குள் இருக்கும்வரை அரிசி கெதியில் பழுதாகாது; குற்றினால் ஒன்றிரண்டு மாதத்தில் வண்டு வரும், தவிட்டு எண்ணெய் காறும். ஆறு ஏழு கிழமைக்கு ஒரு மூடையாக மில்லுக்குக் கொண்டுபோகிறோம். தவிடு கோழிக்கு, உமி அடுத்த வருட அடுப்புக்கு.

வருடப்பிறப்புக்கு முன் படங்கைக் கழுவி மடித்துவிட வேண்டும். மருத்துநீர், கைவிசேஷம், ஊருக்குப் போய்வருவது என்று அந்தக் கிழமை தானாக ஓடிவிடும். அதுக்குப் பின்னால் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கிற அளவுக்குச் சிறுபோகப் பங்கு தீர்மானமாகி, எங்கள் வாய்க்காலுக்கும் கிடைத்தால் உழவு தொடங்கும். அப்போது அவிக்க நினைத்தாலும் கை வராது.

முதல் மூடையைக் குற்றிக்கொண்டு வந்ததும் சமைக்கும்போது தண்ணீரை வழக்கத்தைவிட அரைச் சுண்டு குறைத்து விடுங்கள். புது நெல்லரிசி கெதியில் குழையும். மனைவி முதற்சோற்றில் ஒரு பிடி எடுத்துக் காகத்துக்கு வைத்துவிட்டு மாமிக்குத்தான் முதலில் போடுவா. மாமி குழம்பு விடாமல் வெறுஞ்சோற்றை வாயில் வைத்து, கொஞ்ச நேரம் மென்று பார்த்து, இந்த வருடம் எந்த அவியல் கூடிப்போனது என்று சொல்லுவா.