பழைய கார்டுல இருக்கறது சோளமா, கால் ஆணியா? கண்டுபிடிக்கறது எப்படி

பழைய அமெரிக்க, இங்கிலாந்து போஸ்ட்கார்டு சேர்க்க ஆரம்பிச்சீங்கன்னா ஒரு வகை கார்டு கண்டிப்பா கைல சிக்கும், ஒருத்தர் வலில காலைத் தூக்கிப் பிடிச்சிருப்பாரு, பக்கத்துலயே சோளக்கதிர், பார்த்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. இங்கிலீஷ்ல சோளமும் கார்ன், கால் ஆணியும் கார்ன், அதான் விஷயம். நம்ம தமிழ்ல சுவத்துல அடிக்கறதும் ஆணி, கால்ல வர்றதும் ஆணி இல்லையா, அதே மாதிரி சிலேடை. ஆனா அங்க ரெண்டு சொல்லுக்கும் பிறப்புலயே உறவு கிடையாது, தானியத்தோடது பழைய ஜெர்மானிய சொல், கால் ஆணியோடது லத்தீன்ல கொம்புக்கு சொல்ற கார்னு. தோல் கொம்பு மாதிரி இறுகிப்போறதால அந்தப் பேரு, எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விவரம்.

முதல்ல எந்த தானியம்னு பாருங்க. இங்கிலாந்துல கார்ன்னா பொதுவா தானியம், முக்கியமா கோதுமை, அதனால கோதுமைக் கதிர் வரைஞ்சிருந்தா அந்தப் பக்கத்து கார்டா இருக்க வாய்ப்பு அதிகம். உரிச்ச மக்காச்சோளம்னா அமெரிக்கான்னு நினைச்சுத் தேடலாம். கதிருக்கு இங்கிலீஷ்ல இயர், காதுக்கும் அதே சொல்தான், அதனால படத்துல காது தனியா துருத்திக்கிட்டு இருந்தா அதையும் விடாதீங்க.

அப்புறம் கார்டைத் திருப்புங்க, என்னைக் கேட்டா படத்தை விட பின்பக்கம்தான் அதிகம் பேசும். அமெரிக்க கார்டுல ‘பிரைவேட் மெயிலிங் கார்ட்’னு இருந்தா 1898லேர்ந்து 1901க்குள்ள அச்சானது. பின்பக்கம் நடுவுல கோடு போட்டு ஒரு பாதி சேதிக்கு ஒரு பாதி விலாசத்துக்குன்னு பிரிச்சிருந்தா அமெரிக்கால 1907க்கு அப்புறம், இங்கிலாந்துல 1902லயே வந்துருச்சு. தபால் அமைப்பே இல்லாம கடை பேரும் சரக்கு விவரமும் மட்டும் இருந்தா அது 19ஆம் நூற்றாண்டு கடைசியில கடைக்காரங்க குடுத்த விளம்பர கார்டு, ஒரே படத்தை மொத்தமா அச்சடிச்சு வெவ்வேறு கடைங்க தங்க பேரை மட்டும் போட்டுக்குவாங்க, அதனால கால் ஆணி ஜோக்குக்குப் பின்னாடி மளிகைக் கடை பேரு இருந்தா குழம்பாதீங்க.

லென்ஸ் வச்சு பாருங்க, புள்ளி ஒழுங்கில்லாம சிதறி இருந்தா கல் அச்சு, வரிசையா கட்டம் மாதிரி இருந்தா ஹாஃப்டோன்ங்கற அச்சு முறை, புள்ளியே இல்லன்னா நிஜ போட்டோ.

வண்டி நிறைய ராட்சச சோளம் ஏத்தின போட்டோ கார்டு வந்தா அது இந்த சிலேடை இல்ல, அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்து ஓட்டாவா ஊர்ல வில்லியம் மார்ட்டின் மாதிரி போட்டோகிராபருங்க 1908 வாக்குல போட்டோவை வெட்டி ஒட்டி பண்ண விளைச்சல் பெருமை கார்டு, கால் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வேற பெட்டில போடுங்க.

மருந்து விளம்பரத்துல, சிகாகோ பாவர் அண்ட் பிளாக் கம்பெனியோட புளூ ஜே கால் ஆணி பிளாஸ்டர் மாதிரி, வலியும் நிம்மதியும்தான் பெருசா தெரியும். அந்தக் காலத்து விளம்பரங்கள்ல கால் ஆணியை வேரோட எடுக்கறதா சொல்றதும் உண்டு, அதை மட்டும் நம்பாதீங்க, கால் ஆணிக்கு வேரே இல்ல, இறுக்கமான ஷூ அழுத்தி உரசி தோல் தடிச்சு நடுவுல கெட்டியாகறதுதான்.

பிரிச்சு முடிச்சதும் பிவிசி இல்லாத கவர்ல போடுங்க, குறிப்பை கார்டு மேல எழுதாம தனி சீட்டுல எழுதி கூட வைங்க, செலோடேப் பக்கமே போகாதீங்க.